அம்மா வயிற்றில் காற்று

என் கோபக்கார அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். இங்கே அம்மா நலமாக இல்லை. இரண்டு வாய் சாப்பிட்டதும் தட்டைத் தள்ளிவிடுகிறாள். உனக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது?

இரைப்பையில் கட்டி. உனக்கு வந்த அதே சனியன். ஆனால் அம்மாவுக்குச் சின்னதாக இருக்கும்போதே தெரிந்துவிட்டது. பாண்டிச்சேரியில் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்க வேண்டாம், நாலைந்து சின்ன ஓட்டை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டுப் பார்த்துக்கொண்டே கட்டி இருக்கும் பகுதியை வெட்டி எடுத்துவிடலாம் என்றார். நான் உடனே சரி என்றேன். அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும், என்னதான் பிரச்சினை என்று கேட்டேன்.

"ஒங்கப்பா வவுத்த தொறந்தாங்களே, என்னா ஆச்சு? பாத்துட்டு அப்பிடியே மூடிட்டாங்க. காத்து பூந்துதான் பரவிடுச்சி."

"யாரும்மா சொன்னா?"

"யாரு சொல்லணும்? சூடு ஆறாம சூளைய தொறந்தா காத்து பட்டு எல்லாம் வெடிச்சிப்பூடும். ஒங்கப்பா தெனம் சொன்ன பேச்சுதான?"

நீ வேலை பார்த்த செராமிக் கம்பெனிச் சூளையைப் பற்றிச் சொன்னதை அவள் உன் வயிற்றுக்கும் வைத்துக்கொண்டாள் அப்பா. உன்னைத் திறக்கும்போதே கட்டி எல்லா இடத்துக்கும் பரவியிருந்தது. எடுக்க வழியில்லாமல்தான் மூடினார்கள். அதை அவளிடம் யாராவது சொன்னோமா?

நான் விடவில்லை. "சூளைக் கதவு சாத்தியிருக்கும்போதே செவுத்து ஓட்ட வழியா நெருப்ப பாப்பாங்கல்ல? அதுமாரிதாம்மா. கதவையே தொறக்க மாட்டாங்க."

என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள். "அப்ப காத்து உள்ள பூவாதுல்ல?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். உள்ளே கருவிகள் திரும்புவதற்கு இடம் வேண்டும் என்று வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்தி உப்ப வைப்பார்களாம். முடிந்ததும் வெளியே விட்டுவிடுவார்களாம். டாக்டரம்மா எனக்கு எல்லாம் விளக்கியிருந்தார்.

புகாது என்று சொன்னால் போதும், ஆபரேஷனுக்கு வந்துவிடுவாள். ஆனால் அதன்பிறகு இரண்டொரு நாள் தோள்பட்டை வலிக்குமாம், அந்த வாயுவால். அப்போது அவளுக்குத் தெரிந்தால்? பயத்திலேயே போய்விடுவாள்.

சொல்லிவிட்டேன். "அவங்களே காத்து விடுவாங்கம்மா. அதனால பரவாது. அப்பாவுக்கும் காத்தால பரவுல. முன்னாடியே பரவியிருந்துச்சி."

"டிப்ளமாவ பாதில வுட்டவன் டாக்டருக்கு படிச்சிட்டு வந்துட்டியாடா?"

விருத்தாசலத்தில் இறங்கினோம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"முன்னாடியேன்னா... அப்ப நாமதான் ஒங்கப்பாவ லேட்டா கூட்டிட்டுப் போனமா?"

இத்தனை நாளும் காற்றின் மேல் பழியைப் போட்டு வைத்திருந்தாள். அதையும் நான் பிடுங்கிவிட்டேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தள்ளிப்போட்டால் கட்டி பெரிதாகிவிடும், அப்புறம் ஓட்டை வழியாக எடுக்க முடியாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதற்கும் பிறகு என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கூட்டிப்போகிறேன். வரமாட்டேன் என்றால் தூக்கிக்கொண்டு போவேன். வழியெல்லாம் திட்டட்டும். உன்னை விட்ட மாதிரி அவளை விட மாட்டேன். நீ ஒன்று மட்டும் செய். கனவில்கூட வந்து அவளைக் கூப்பிட்டுவிடாதே.

உன்னிடம் முதல்முறையாகக் கெஞ்சும் மகன்,
செந்தில்