உயிலின் ஏழாம் பிரிவு

மார்கழி மாதம், செவ்வாய் இரவு.

இதை எழுதும் நான், ராயபுரம் வக்கீல் வேதாசலம். நேற்றுக் காலமான நாடகப் பாடகர் ஏகாம்பரத்தின் உயிலை எழுதி, அதை நிறைவேற்றி வைப்பதாக அவருக்கு வாக்களித்தவன்.

“என் இறுதி ஊர்வலத்தில் எவரும் என் பாட்டைப் பாடலாகாது, சுருதி தப்பினால் எனக்குப் பொறுக்காது” என்கிறது அதன் ஏழாம் பிரிவு. இன்று காலை அவர் வீட்டு வாசலில் அழுதுகொண்டிருந்த துறைமுகத் தொழிலாளர்களுக்கு அதைப் படித்துக் காட்டினேன். மூட்டை தூக்கும் முனுசாமி முன்னால் வந்தான்.

“சுருதி தப்புனா இன்னா பண்ணுவாரு, வக்கீலய்யா?”

“மேடையிலேயே நிறுத்திட்டுத் திட்டுவார். நீ பார்த்ததில்லையா?”

“அதுக்குத்தான் பாடப் போறோம். எய்ந்து வந்து திட்டட்டும்.”

பாடையைத் தூக்கியதும் பாடத் தொடங்கினார்கள். நான் தடுக்கவில்லை. இத்தகைய விருப்பம் சட்டப்படி எவரையும் கட்டுப்படுத்தாது என்று இன்றிரவு படுக்கையில் பலமுறை சொல்லிக்கொண்டேன்; தூக்கம் வரவில்லை. வாக்கு வாக்குதான்.

சுடுகாடு வரை ஒருவருக்கும் சுருதி சேரவில்லை. பாதி வழியில் நானும் பாடினேன். பாடையையே பார்த்துக்கொண்டு, இயன்ற அளவு தப்பாகவே பாடினேன்.

(ஒப்பம்) வேதாசலம்.

சாட்சிகள், ஊர்வலத்தில் என் இருபுறமும் நடந்து என் பாட்டைக் கேட்டவர்கள்: முனுசாமி, ஏகாம்பரத்தின் ஆர்மோனியக்காரர் காதர் பாய்.