காம்ப்ளக்ஸ் போடாத குடுவை

வெள்ளிக்கிழமை.

இன்று லேப் மீட்டிங்கில் கோமதி என்னைக் கவிழ்த்துவிட்டாள்.

ஒரு பூஞ்சையின் என்சைமை மாதிரியாக வைத்து நான் செய்த தாமிரச் சேர்மம், அதாவது என் காம்ப்ளக்ஸ், ஆல்கஹாலை ஆல்டிஹைடாக மாற்றுகிறது என்பதுதான் என் நாலு வருட வேலை. பேப்பர் அடுத்த வாரம் ஜர்னலுக்குப் போவதாக இருந்தது. என் காம்ப்ளக்ஸ் இல்லாமல் வெறும் தாமிர உப்பைப் போட்டாலே அதே அளவு ஆல்டிஹைடு வருகிறது என்று அவள் எழுந்து எங்கள் கைடு சாரிடம் சொன்னாள். அதையும் மலையாளத்தில் சொன்னாள். லேபில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஆரியசாலையில் இருக்கும் தன் வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த புளியோதரையை நேற்றுகூடப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். அப்போது இதைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை.

சார் என்னைப் பார்த்து, "ஈ கண்ட்ரோல் நீ செய்தில்லே?" என்றார், வெறும் உப்பை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லையா என்று. இல்லை என்றேன். கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். பேப்பர் நின்றுவிட்டது.

வராந்தாவில் அவளைப் பிடித்து, "எங்கிட்ட முதல்ல சொல்லக் கூடாதாடி?" என்று கேட்டேன்.

"சொன்னா, ஃபிளாஸ்க் சரியாக் கழுவலைன்னு சொல்லியிருப்பே. அன்னிக்குச் சொன்ன மாதிரி."

முதல் வருடம் நானே ஒருமுறை வெறும் உப்பைப் போட்டுப் பார்த்தேன். அன்றும் ஆல்டிஹைடின் பாதாம் வாசனை அடித்தது. பயந்துபோய், குடுவையில் பழசு ஒட்டியிருக்கிறது என்று பக்கத்தில் நின்ற கோமதியிடம் சொல்லிவிட்டுக் கழுவிக் கவிழ்த்தேன். நோட்டில் எழுதவில்லை.

அது கோமதிக்கு மட்டுந்தான் தெரியும். மீட்டிங்கில் அதை அவள் சொல்லவில்லை. அதற்காகவும் அவளை மன்னிக்க முடியவில்லை.