‘செட்டில்’ சொல்லின் பதினைந்தாவது பொருள்

வியாழன், ஜாசின்.

எங்கள் பத்திரிகையின் ஞாயிறு பக்கத்தில் புது நிருபர் கவிதாவின் கட்டுரை வருகிறது. ஆசிரியரே மதியம் போனில் சொன்னார். நம் மலேசியத் தோட்டத்து மக்கள் ‘செட்டில்’ என்ற ஆங்கிலச் சொல்லை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் கட்டுரை. இருபது வருடமாக நான் எழுத நினைத்தது. லோரி பழுது பார்த்தாயிற்று, கல்யாணம் முடிவாயிற்று, சண்டை ஓய்ந்தது என்று பதினான்கு பொருள் என் நோட்டில் இருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகாத அந்தப் பெண் பதினைந்தாவதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

பாசாரில், அதாவது சந்தையில், காய்கறி விற்கும் லெட்சுமி அக்கா தனியாக வாழ்கிறார். ஜொகூரில் இருக்கும் மகள் தினமும் கூப்பிட்டு, “ம்மா, செட்டிலா?” என்பாளாம். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, கதவைப் பூட்டினாயா, எல்லாம் அந்த ஒரே சொல்லில்.

கட்டுரையைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. தப்பு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் பாசாருக்குப் போனேன்.

“உண்மைதான் தம்பி,” என்றார் அக்கா.

“என்கிட்ட ஏன்க்கா சொல்லல? எத்தனை தடவை கேட்டேன்?”

“நீ நோட்டை நீட்டிக்கிட்டு நிப்ப. அந்தப் புள்ள உக்காந்து என்கூட வெங்காயம் உரிச்சுச்சு லா. மக போன் வந்தப்ப பக்கத்துலதான் இருந்துச்சு.”

சரிபார்த்தேன் என்று ஆசிரியருக்கு ஒரு வரி அனுப்ப வேண்டும். அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னாலும் எடுத்துவிடுவார். என் சொல்லை அவர் அவ்வளவு நம்புகிறார். இதுவரை எதையும் அனுப்பவில்லை. நாளை காலை பத்து மணிக்குப் பக்கத்தை முடிக்கிறார்கள்.