மூளைக்கு மின்சாரம் கொடுத்து கேரம் வென்றதாகச் சொல்லிப் பறிக்கப்பட்ட கோப்பை

அனுப்புநர்:
மருத்துவமனைச் சாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி ஓய்வுபெற்றவர் (வயது 71),
உறுப்பினர், நகராட்சி மூத்தோர் மன்றம்.

பெறுநர்:
சமூக நல அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: மூத்தோர் மன்ற இரட்டையர் கேரம் போட்டி – மின்னதிர்வு சிகிச்சை பெற்றவர் என்பதால் மனுதாரரின் வெற்றி ரத்து செய்யப்பட்டமை – அறிவிப்பை அகற்றவும் கோப்பையைத் திருப்பித் தரவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மூளையைப் பற்றி எங்கள் மன்றச் செயலாளர் ஒரே மாதத்தில் இரண்டு உத்தரவுகள் பிறப்பித்துள்ளார். முதல் உத்தரவின்படி அது கெட்டுப்போய்விட்டது. இரண்டாவது உத்தரவின்படி அது அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டது. இவற்றில் எது சரி என்றாலும் தலைவணங்கி ஏற்கத் தயாராக இருக்கிறேன். இரண்டும் ஒரே தலைக்குள் ஒரே சமயத்தில் குடியிருக்க இயலாது என்பது மட்டும் என் தாழ்மையான கருத்து.

2. நடந்ததை முதலிலிருந்து சொல்ல அனுமதி வேண்டுகிறேன். சென்ற ஆண்டு எனக்கு மனச்சோர்வு நோய் வந்தது. துக்கம் என்று சொல்லத்தக்க ஒன்றும் வீட்டில் நிகழவில்லை. கடையை மகள் நன்றாகவே நடத்துகிறாள், கணவர் நலமாக இருக்கிறார், கூரை ஒழுகவில்லை. ஆயினும் காலையில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, மறு செருப்பை மாட்ட மனமின்றிக் கட்டில் ஓரத்திலேயே மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை. கடைசியில் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டேன். அப்போதுதான் மனநல மருத்துவர் அம்மையார் மின்னதிர்வு சிகிச்சையைப் பரிந்துரைத்தார்.

3. இதைக் கேட்டதும் என் நாத்தனார் மருத்துவரிடம் சண்டைக்கே போய்விட்டார். பள்ளி வேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். குரல் சாலைக்கு அப்பாலும் கேட்கும். "ஷாக்கா? எங்க அண்ணியக் கட்டிப்போட்டுக் கரண்ட் வைக்கப் போறீங்களா? அதுக்கு நான் வண்டி ஓட்டிட்டு வரணுமா?" என்று அவர் கேட்டதாகவும், மருத்துவர் சிரிக்காமல் பதில் சொன்னதாகவும் பின்னர் அறிந்தேன். "தூங்க வச்சிடுவோம்மா. உடம்பு உதறாம இருக்கத் தசைக்கு மருந்து கொடுப்போம். மூளைக்குள்ள ஒரு சின்ன வலிப்பு வரும், ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்கிடும். வெளிய பாத்தா கால் விரல் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். வயசானவங்களுக்கு இது நல்லாவே கேக்கும். ஆனா ஞாபகத்துல கொஞ்சம் ஓட்டை விழலாம். அதையும் இப்பவே சொல்லிடறேன்." இதுவே அவர் தந்த விளக்கம். நாத்தனார் உடனே சமாதானமாகி, எத்தனை மணிக்கு வண்டியைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டாராம்.

4. சில வாரங்கள் சிகிச்சை நடந்தது. நடுவில் ஒரு நாள், திரும்பி வரும் வழியில், முன் இருக்கையில் இருந்த என் கணவரிடம், "உங்க கண்ணாடி கோணலா உக்காந்திருக்கு, கழட்டிக் குடுங்க" என்று சொன்னேனாம். அவர் தங்கையைப் பார்த்து, "கேட்டியா! குறை சொல்றா! குறை சொல்ல ஆரம்பிச்சிட்டா!" என்று கூவினாராம். நாத்தனார் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங் மேல் தலை வைத்து அழுதாராம். எனக்கு இது நினைவில் இல்லை. ஆனால் இருவரையும் தனித்தனியே விசாரித்தும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்.

5. மருத்துவர் சொன்ன ஓட்டையும் விழுந்தது, மறைக்க விரும்பவில்லை. சிகிச்சை நடந்த வாரங்களும் அதற்குச் சற்று முந்தைய நாட்களும் புகைமூட்டமாக இருக்கின்றன. அவற்றில் சில திரும்பிவிட்டன. நாத்தனார் மகளின் கல்யாணம் மட்டும் வரவே இல்லை. படங்களில் முன்வரிசையில் நிற்கிறேன். எனக்குள் அந்தக் கல்யாணம் இல்லை. இதைச் சொல்லி ஒருநாள் கண்கலங்கியபோது, நாத்தனார், "விடுங்க அண்ணி, சாப்பாட்டுல உப்பே இல்ல. அதையெல்லாம் ஞாபகம் வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றார். இழப்பு இழப்புதான். ஆனால் அந்தக் கல்யாணத்தில் நின்ற பெண்மணி சிரிக்கவில்லை என்பதைப் படத்திலேயே பார்க்கலாம். இப்போது இருப்பவள் சிரிக்கிறாள். கணக்குப் பார்த்தால் எனக்கு லாபமே.

6. உடல் தேறி மன்றத்துக்குத் திரும்பினேன். அங்கே கேரம் போட்டிகளில் புள்ளி எழுதும் பணி நெடுங்காலமாக என்னுடையது. மன்றச் செயலாளர் – கையில் எடுத்த ஒலிபெருக்கியை எளிதில் கீழே வைக்காதவர் என்பதால் அவரை நாங்கள் 'மைக் அண்ணன்' என்போம் – என்னை அழைத்து, "தப்பா நெனச்சுக்காதீங்க. ஷாக் வாங்குன மூளையில எண்ணிக்கை நிக்காதுன்னு சொல்றாங்க" என்று அந்தப் பணியிலிருந்து விடுவித்தார். யார் சொல்கிறார்கள் என்று கேட்டேன். பொதுவாகச் சொல்கிறார்கள் என்றார். இதுவே மேற்படி முதல் உத்தரவு.

7. எழுத வேலையில்லாததால் ஆட வந்தேன். நாத்தனாரும் நானும் இரட்டையராகப் பெயர் கொடுத்தோம். முன்பு ஓரிரு முறை ஆடி முதல் சுற்றிலேயே வீடு திரும்பியவர்கள் நாங்கள். இம்முறை எங்களையும் அறியாமல் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். எதிரே மைக் அண்ணனும், ஓய்வுபெற்ற பல் மருத்துவரும். பல் மருத்துவர் அமைதியாக ஆடுபவர். மைக் அண்ணன் தம் ஆட்டத்துக்குத் தாமே ஒலிபெருக்கியில் வர்ணனை செய்துகொண்டு ஆடுபவர். "இதோ, செயலாளர் சிவப்பைக் குறி வைக்கிறார்… அருமையான கோணம்…" என்று அறிவித்து அடித்தார். சிவப்பு குழியின் விளிம்பில் நின்றுவிட்டது. வர்ணனையும் நின்றது. அடுத்து என் முறை. சிவப்பைத் தள்ளி, கையோடு ஒரு வெள்ளையையும் இறக்கி, சிவப்பை எங்களுடையதாக்கினேன். கடைசிக் காயை நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார், விழுந்துவிட்டது. பல் மருத்துவர் எழுந்து எங்கள் இருவர் கையையும் பற்றிக் குலுக்கி, "பல்லைப் பிடுங்குன மாதிரி பிடுங்கிட்டீங்கம்மா" என்று பாராட்டினார்.

8. இந்த இடத்தில் என் வாயால் ஒரு சங்கடம் விளைந்தது. வெற்றிக் களிப்பில், மருத்துவர் ஒருமுறை என்னிடம் சொன்னதை எல்லோரிடமும் சொன்னேன். இச்சிகிச்சை மூளையைச் சுருக்கிவிடுமா என்று நான் கேட்டதற்கு அவர், "படம் எடுத்துப் பாத்த வரைக்கும் அப்படித் தெரியலம்மா. ஞாபகத்துக்கு வேண்டிய பகுதி சிலருக்குக் கொஞ்சம் பெருத்தே தெரியுது. அது எதனால, அதுல என்ன பலன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது" என்று விடையளித்திருந்தார். நான் இதை முழுமையாகவே எடுத்துரைத்தேன். ஆனால் மைக் அண்ணனின் காதில் 'பெருத்தே' என்ற சொல் மட்டும் விழுந்தது.

9. மறுநாள் கோப்பை மீண்டும் கண்ணாடி அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. அறிவிப்புப் பலகையில், "மூளைக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டவர்கள் போட்டிகளில் கலந்துகொள்ள அனுமதி இல்லை" என்று பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டது. ஏன் என்று நாத்தனார் கேட்டதற்கு, "ஓட்டப் பந்தயத்துல ஊசி போட்டுக்கிட்டு ஓடுனா ஒத்துக்குவாங்களா?" என்று மைக் அண்ணன் எதிர்க்கேள்வி எழுப்பினார். நான் பெற்றது நோயைத் தீர்க்கும் சிகிச்சை. ஆரோக்கியமானவரைச் சூரராக்கும் மருந்து அல்ல. கால் உடைந்தவர் கட்டுப் போட்டுக் குணமானபின் நடந்தால், அவர் கட்டுப் போட்ட பலத்தால்தான் வேகமாக நடக்கிறார் என்று எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. நான் வென்றதற்கு மின்சாரம் காரணம் அல்ல. அடிப்பதற்கு முன் காயைப் பார்க்க எனக்கு மறுபடி ஆசை வந்ததே காரணம். மைக் அண்ணனின் வர்ணனையும் தக்க சமயத்தில் உதவியது.

10. கோப்பைக்காக மட்டும் என்றால் தங்கள் நேரத்தை வீணாக்கியிருக்க மாட்டேன். அது பித்தளைகூட அல்ல. எங்கள் மன்றத்தில் மனைவியை இழந்த தையற்காரர் ஒருவர் இருக்கிறார். ஊரில் பாதிப் பேருடைய சட்டை அளவு அவருக்குத் தெரியும். சில மாதங்களாக அவரும் நான் உட்கார்ந்த அந்தக் கட்டில் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். சட்டையில் இரண்டு பொத்தான்கள் இல்லாமல் மன்றத்துக்கு வந்தபோதே எனக்குப் புரிந்தது. அவருக்கும் அதே சிகிச்சையைப் பரிந்துரைத்தார்கள். அவரும் என்னைப் பார்த்துத் துணிந்து சம்மதித்திருந்தார். அந்த அறிவிப்பைப் படித்த அன்று, "எனக்கு வேணாம்மா. அப்புறம் என்னை இங்க யாரும் சேத்துக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதன்பின் மன்றத்துக்கு வரவில்லை. உணவு பாதியாகக் குறைந்துவிட்டதாக அவர் மருமகள் சொல்கிறாள்.

11. ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து,
(அ) மேற்படி அறிவிப்பை உடனடியாகக் கிழித்தெறிய உத்தரவிடவும்;
(ஆ) என் மருத்துவரை மன்றத்துக்கு அழைத்து, இச்சிகிச்சை மூளைக்கு என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை, எது இன்னும் தெரியவில்லை என்பதை எல்லோர் முன்னிலையிலும் பேசச் செய்யவும் (அம்மையார் சம்மதித்துவிட்டார்; ஒலிபெருக்கி அவர் கையில் கிடைக்குமா என்பதே ஐயம்);
(இ) கோப்பையை எங்களிடம் ஒப்படைக்கவும், அல்லது செயலாளர் விரும்பினால் இறுதி ஆட்டத்தை மறுபடி நடத்தவும்
வேண்டுகிறேன். நாத்தனார் இம்முறை கண்ணைத் திறந்துகொண்டு ஆடுவதாக உறுதியளித்துள்ளார்.

செயலாளர் மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நான் படுத்திருந்த காலத்தில் வாரந்தோறும் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று, உள்ளே வரக் கூச்சப்பட்டு, பழப்பையைக் கதவில் மாட்டிவிட்டுப் போனவர் அவர்தான். அவருக்குப் பயம்; பயத்துக்குத் தண்டனை தேவையில்லை, விளக்கம் போதும்.

12. மேற்கண்டவற்றை எழுதி முடித்து உறையில் இடும் வேளையில் தையற்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தலையைத் தடவிக்கொண்டு, "முடிய எடுத்துடுவாங்களா?" என்று கேட்டார். எடுக்க மாட்டார்கள், எண்ணெய் மட்டும் வைக்காமல் போக வேண்டும் என்றேன். "அப்ப சரி" என்றார். வியாழக்கிழமை காலை நாத்தனார் வண்டியில் அழைத்துப் போகிறார். சில வாரங்களில் அவர் குணமாகி மன்றத்துக்குள் நுழைவார் என்று நம்புகிறேன். அவர் நுழையும்போது அந்தப் பலகையில் அடுத்த போட்டியின் அட்டவணையும் அதில் அவர் பெயரும் தவிர வேறொன்றும் இருக்கலாகாது.

தங்கள் நல்லுத்தரவை எதிர்நோக்கி, கேரம் பலகைக்குப் பவுடர் தூவிக் காத்திருக்கும்,

இடம்: வீட்டுச் சாப்பாட்டு மேசை
நாள்: செவ்வாய்க்கிழமை

(ஒப்பம்)
மனுதாரர்

உடன் ஆடியவர் என்ற முறையில் நானும் ஒப்பமிடுகிறேன்:
(ஒப்பம்)
மனுதாரரின் நாத்தனார்