பத்தாம் தேதி உறைகள்

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள சீனியருக்கு,

நேற்று நான் உங்களிடம் சொல்லாதது இதுதான்: உங்கள் இன்டர்வியூ பேச்சில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேனே, அந்தத் தலையாட்டல் பொய்.

ஃபோனில் சொல்லலாம் என்று இரண்டு முறை எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். நமக்குப் பழகிய வழி தபால்தானே. ஆராய்ச்சிப் படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊராகப் பிரிந்தபோது நீங்கள் போட்ட விதி. ஒரே கணக்கை இருவரும் தனித்தனியாகப் போட வேண்டும். நடுவில் பேசக்கூடாது. பத்தாம் தேதி இருவரும் கடைசி வரியை மட்டும் எழுதித் தபாலில் சேர்க்க வேண்டும். விடைக்குக் கீழே ஒரு ஜோக் கட்டாயம். "ஈமெயில்னா எவனாவது முந்திக்குவான், அடுத்தவன் கை சும்மா இருக்காது" என்றீர்கள்.

என் கை சும்மா இருக்கவில்லை.

நியூட்ரான் விண்மீன் எவ்வளவு வேகமாகக் குளிரும் என்று மூன்று வருடத்துக்கு முன் போட்டோமே, அந்த மாதம் பத்தாம் தேதி நான் அம்மாவின் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். ஒரு வரிகூடப் போடவில்லை. பதிமூன்றாம் தேதி வீட்டுக்கு வந்தால் உங்கள் உறை கதவடியில் கிடந்தது. பிரித்தேன். உங்கள் விடையை என் கையெழுத்தில் எழுதி, மேலே பத்தாம் தேதி என்று போட்டு அனுப்பினேன். அம்மா தேறியதும் நானே போட்டுப் பார்த்துவிடலாம் என்றிருந்தேன். பிறகு அந்தக் காகிதத்தைத் தொடவே கூச்சமாகிவிட்டது.

நேற்று உங்கள் ஏழாவது ஸ்லைடில் பார்த்தேன். நியூட்ரானும் நியூட்ரானும் மோதினால் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே மோதலை இரண்டு முறை எண்ணிவிடுவோம் என்பதால் இரண்டால் வகுக்க வேண்டும். முதலாண்டு மாணவர்களுக்கு நாமே சொல்லித் தருவது. நீங்கள் வகுக்கவில்லை. நிகழ்ச்சி நிரலின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். நம் விண்மீன் நாம் எழுதியதில் பாதி வேகத்தில்தான் குளிர்கிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் கமிட்டித் தலைவர், "இதை வேற யாராவது சரிபார்த்தாங்களா?" என்று கேட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டே, "அதோ உக்காந்திருக்காங்க பாருங்க. தனியாப் போட்டாங்க. அச்சு அசலா அதே விடை" என்று என்னைக் காட்டினீர்கள்.

டீ கொடுக்கும்போது, "என்ன பென்சில், மூஞ்சி இப்படி இருக்கு? இன்டர்வியூ எனக்கா உனக்கா?" என்றீர்கள். "பசிக்குது" என்றேன்.

அடுத்த செவ்வாய் கமிட்டி முடிவெடுக்கிறது. பத்து வருடத்தில் ஐந்து ஊர், உங்கள் மகளுக்கு நான்காவது பள்ளிக்கூடம். இதுதான் நிரந்தரமாகும் வேலை என்பது எனக்குத் தெரியும். எழுதாமல் இருந்துவிடவும் யோசித்தேன். நீங்கள் சேர்ந்த பிறகு வேறு யாராவது இதைக் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்பதுதான் எழுத வைத்தது. நானே கமிட்டிக்குச் சொல்லட்டுமா? உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

பென்சில்


மார்ச் 9, திங்கள்

அன்புள்ள பென்சில்,

கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. ராத்திரி வரை உட்கார்ந்து போட்டேன். நீ சொல்வது சரி. நீ யாரிடமும் சொல்ல வேண்டாம், இன்று காலை நானே தலைவரிடம் பேசிவிட்டேன். "நல்லவேளை முன்னாடியே சொன்னீங்க" என்றார். அந்தக் குரலிலேயே மிச்சம் புரிந்துவிட்டது. வீட்டுக்காரி சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். பெண்ணுக்கு மட்டும் சந்தோஷம். "அப்ப ஸ்கூல் மாற வேணாமாப்பா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டாள்.

வகுக்க மறந்தது நான். அதற்கு உன்மேல் கோபப்பட எனக்கு வழியில்லை. தப்பு யாருக்கும் வரும், வரும் என்பதால்தானே அந்த விதி.

ஆனால் உன் பழைய உறைகளை எல்லாம் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். அந்த மாதத்து உறையை எடுத்துப் பார்த்தேன். முத்திரையில் பதினான்காம் தேதி. மூன்று வருடமாக என் அலமாரியில்தான் இருந்திருக்கிறது. உன் உறையில் முத்திரையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், முடியவில்லை என்று ஒரு வரி போட்டிருந்தால் ஒரு மாதம் தள்ளிவைத்திருப்பேன். அம்மாவைப் பார்க்க வந்திருப்பேன். இருந்தது ஒரே கணக்கு. அதை இரண்டு என்று எண்ணிக்கொண்டு ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த விடைக்குக் கீழே, வீடு மாறுகிற நத்தையிடம் தரகர் கமிஷன் கேட்ட கதை எழுதியிருந்தாய். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதை எழுதும்போது உனக்கு எப்படி இருந்தது?

சீனியர்


மார்ச் 15, ஞாயிறு

அன்புள்ள சீனியருக்கு,

அந்த ஜோக்கை மூன்று தாளில் எழுதிக் கிழித்தேன். விடையை ஒரே தடவையில் எழுதிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டு நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பப் போவதில்லை. அதைப் படிக்கிற வேலையையும் உங்கள் தலையில் கட்ட வேண்டாம். நம் இருவர் பெயரிலும் அந்த விடையை வெளியிட்ட இதழுக்குத் திருத்தம் அனுப்பியாக வேண்டும். அதில் நான் செய்ததை என் பெயர் போட்டு எழுதுகிறேன். திருத்திய விடையையாவது விதிப்படி போடுவோமா? முதல் வரியிலிருந்து, தனித்தனியாக. ஏப்ரல் பத்தாம் தேதி என் உறையைப் போடுவேன். உங்களுடையதும் வந்தால், என்னிடம் இன்னும் கொஞ்சம் பேசுவீர்கள் என்று எடுத்துக்கொள்வேன்.

பென்சில்


நவம்பர் 24, செவ்வாய்

அன்புள்ள சீனியருக்கு,

ஏப்ரலில் உங்கள் உறை வந்தது. பிரிக்கும் முன் முத்திரையைப் பார்த்தேன், பத்தாம் தேதி. உள்ளே விடை மட்டும் இருந்தது. அன்புள்ள என்பதும் இல்லை, கையெழுத்தும் இல்லை. கீழே நான்கு விரல்கடை வெற்றுத்தாள். திருப்பியும் பார்த்தேன்.

என் விடையும் அதேதான்.

திருத்தம் ஜூலை இதழில் இரண்டு பெயரோடும் வந்தது. தனியாகச் சரிபார்க்கப்படவில்லை, அதற்கு நானே பொறுப்பு என்று அதில் இருக்கிறது. என் இயக்குநர் கூப்பிட்டுக் கேட்டார், சொன்னேன். அடுத்த வருடம் என் வேலையை நீட்டிப்பார்களா தெரியாது.

நீங்கள் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டதாக நம்முடன் படித்த கண்ணாடிக்காரர் சொன்னார். பிரீமியம் கணக்குப் போடுகிறீர்களாம். மகள் அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாளாம். அதைக் கேட்டபோது கொஞ்சம் மூச்சு வந்தது.

மே மாதத்திலிருந்து ஒவ்வொரு பத்தாம் தேதியும் ஒரு கணக்கின் விடையை உங்களுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன், கீழே ஜோக்கோடு. இந்த மாதத்தோடு ஏழு. எதுவும் திரும்பி வரவில்லை, எதற்கும் பதில் வரவில்லை.

பென்சில்