ஒன்பதாம் கேள்விக்கு அம்மாவின் பதில்

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மறைக்காமல் எழுது, போனில் நீ சொல்வதில் பாதியைத்தான் நம்புகிறேன்.

உன் ஆராய்ச்சிக்கு நீ அனுப்பிய கேள்வித்தாள் விஷயத்துக்கு வருகிறேன். பதில் எழுதிய பதினெட்டுப் பேரும் ஒரே ஆளா என்று உன் பேராசிரியை கேட்டதாகச் சொன்னாயே, அதிலிருந்து எனக்குச் சிரிப்பும் வெட்கமுமாக இருக்கிறது. தப்பு என்னுடையதுதான். பெண்ணியல் மேல்படிப்பு, வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி என்றதும், உனக்கு மார்க் குறையக் கூடாதே என்று ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, எது நல்ல பதில் என்று பேசி முடிவெடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். இஸ்திரி மெஷின்காரி மட்டும், ஏங்க்கா, என் வீட்டுக்காரரு தினம் ரெண்டு மணி நேரம் வீட்டு வேலை செய்றாருன்னு எழுதினா சாமிக்கே அடுக்குமா என்றாள். எழுதுடி, என் பொண்ணு பாஸாகணும் என்று அதட்டினேன். உன் அப்பா என் தாளைப் பார்த்துவிட்டு, அச்சில் வந்துவிடும் என்று பயந்து ஒரு வாரம் பாத்திரம் கழுவினார். எட்டாம் நாள் கைவலி வந்துவிட்டது.

நீ மறுபடி அனுப்பிய தாள்கள் வந்தன. இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்றதும் ஒருத்தியும் பேனாவைத் தொடவில்லை. சூப்பர்வைசர் கண்ணில் பட்டால் வேலை போய்விடும் என்ற பயம். படுக்கை விரிப்பை நாங்கள் இரண்டு பேராகத்தான் மடிப்போம், ஆளுக்கு இரண்டு முனை. அதனால் தினம் ஒருத்தியோடு ஜோடி சேர்ந்து, மடிக்கக் கிட்டே வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்டேன். பெயருக்குப் பதில் அவரவர் சொன்ன எண். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவர்கள் வார்த்தையிலேயே எழுதினேன். பதினைந்து பேர் சரி என்றார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டேன். மெஷின்காரி சொன்னதை எழுதும்போது என் காதே சுட்டது, நீயே படித்துக்கொள்.

கடைசியில் என் தாள். உங்கள் வீட்டில் பெண்பிள்ளை யாராவது படிப்பை நிறுத்தியதுண்டா, முடிவெடுத்தது யார் என்று ஒன்பதாவது கேள்வி. முதல் தடவை, இல்லை என்று எழுதியிருந்தேன். அக்காவுக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். அது பொய். எனக்கு இந்த வேலை கிடைத்தபோது நீ ஆறு மாதக் குழந்தை, பார்த்துக்கொள்ள ஆளில்லை. எட்டாவதோடு அவளை நிறுத்தியது நான்தான், உன் அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார். அண்ணன் அப்போது ஒன்பதாவது. அவனை நிறுத்தலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. இந்தத் தடவை அப்படியே எழுதியிருக்கிறேன், அக்கா அந்த வருஷம் வகுப்பில் இரண்டாவதாக வந்த பிள்ளை என்பதையும் சேர்த்து. அம்மா ஆயிற்றே என்று பூசி மெழுகாதே.

அனுப்புவதற்கு முன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். துணி காயப் போட்டுக்கொண்டே கேட்டாள். ரெண்டாவது இல்லம்மா, அந்த வருஷம் நான்தான் முதல் என்றாள். நான் போய் அதை அடித்துத் திருத்தினேன். பிறகு அவள் மிச்சமிருந்த தாளில் ஒன்றைக் கேட்டு வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் எழுதி, உறையில் போட்டு ஒட்டித்தான் கொடுத்தாள். இதோடு வைத்திருக்கிறேன். நான் பிரிக்கவில்லை. உள்ளே என்னைப் பற்றி என்ன இருந்தாலும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. நோய்நொடி இல்லாமல், எடுத்த படிப்பை நல்லபடியாக முடித்து நன்றாக இரு. உறையைப் பிரித்துப் படித்ததும் முதல் போன் அக்காவுக்குப் பண்ணு. எனக்கு அப்புறம் பண்ணிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா