கோழிப் படம் போட்ட மருந்துக் கவர்

சித்தூர்
22 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கேசியாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் நைனாவும் சுகம், பக்கத்து வீட்டு நாயும் சுகம், அது குரைக்கிற குரைப்பிலேயே தெரிகிறது. நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் போன புதன்கிழமை போனில் உன் குரலைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. சாப்பிட்டாயா என்றால் ம், தூங்கினாயா என்றால் அதற்கும் ம். அகமதாபாத்தில் பருப்பில் சர்க்கரை போடுகிறார்கள் என்பதற்காகப் பட்டினி கிடக்காதே, பார்சலில் பருப்புப்பொடியும் வடகமும் வைத்திருக்கிறேன், அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். உன் மருந்துக் கவர்கள் இந்தப் பார்சலில் திரும்பி வருகின்றன, அவற்றைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, அதோடு ஒரு விஷயம் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் ஒரு இடத்தில் உட்கார்ந்து கடைசிவரை படி.

படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று உன் காலேஜ் ப்ராஜெக்டுக்காகப் படம் போட்டு, கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ கொடுத்துவிட்டுப் போன நாற்பது கவர்களையும் கிளினிக் மருந்துக் கவுண்டரில் கொடுத்துப் பார்த்துவிட்டேன். டாக்டரம்மா சத்து மாத்திரைக்கு மட்டும் என்றால் சரி என்றார்கள். வழக்கம்போலப் பேனாவால் எழுதினேன், வாயாலும் சொன்னேன், ஆனால் கவுண்டரில் நாம் சொல்வது பஸ் ஏறும்போதே மறந்துவிடும், வீட்டில் போய் அவர்கள் கையில் இருக்கப்போவது உன் படம்தான். காலைக்குக் கோழி, மத்தியானத்துக்குச் சூரியன், ராத்திரிக்கு அரை நிலா. என்ன அழகு என்று நான்தான் முதலில் மெச்சினேன், அதனால் இப்போது சொல்லப்போவதில் பாதிப் பழி எனக்கு.

நாலாம் நாள் பூக்கார ருக்மணி வந்தாள். வந்ததும் சண்டை. இன்னா ஜெயசீலி, சத்து மாத்திரைக்கு எல்லாமா பத்தியம், ஞாயித்துக்கிழமை வூட்ல அல்லாரும் கோழி துன்னுக்கினு இருக்காங்க, நான் ரசத்த ஊத்திக்கினு அவங்க வாயப் பாத்துக்கினு இருக்கேன் என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கவரை எடுத்து உன் கோழியைக் காட்டி, இத்தத் துன்னக்கூடாதுன்னுதானே போட்டுக்கிற என்றாள். அடுத்த நாள் ஆட்டோக்கார சிரஞ்சீவி நேர் எதிராக வந்தான். அக்கா, கோழியோட துன்னாத்தான் மாத்திரை வேலை செய்யும்னா தினம் கோழிக்கு நான் எங்க போவேன், முட்டையாச்சும் துன்னலாமா என்றான். நாம் எந்த மாத்திரை கொடுத்தாலும் இந்த ஊரில் முதல் கேள்வி பத்தியம் உண்டா என்பதுதான், அதை நீ சின்ன வயசிலிருந்து என் கவுண்டர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாய், நான் இருபது வருஷமாகக் கேட்கிறேன், இரண்டு பேருக்கும் தோன்றவில்லை பார். மருந்துக் கவரில் தின்கிற பொருள் எதைப் போட்டாலும் அது பத்தியம்தான்.

கோழி போகட்டும், நிலா இன்னும் மோசம். தபால் ஆபீசில் இருந்து ரிடையர் ஆன பாலசுந்தரம் சாரைத் தெரியுமே, நாலு பாஷை படிக்கிறவர். அவர் ஏழு நாள் கழித்துத் தீப்பெட்டியில் ஏழு அரை மாத்திரைகளைக் கொண்டுவந்து வைத்து, மிச்சப் பாதியை என்னம்மா செய்யறது என்று கேட்டார். அரை நிலா என்றால் அரை மாத்திரை என்று எடுத்துக்கொண்டாராம். மேலே எழுதியிருக்கிறதே சார் என்றேன், படம் இருக்கும்போது எழுத்தை யார் பார்க்கிறது என்றார். சத்து மாத்திரையாக இருந்ததால் பிழைத்தோம், வேறு மாத்திரையாக இருந்திருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்.

இதையெல்லாம் புதன்கிழமை சொன்னதும்தான் நீ உடைந்து போனாய். உங்கள் காலேஜ் மேடம் வேறு, நீ சுவரில் குத்தி வைத்திருப்பதெல்லாம் இன்டர்நெட்டில் இறக்கின படங்கள், இதில் நீ பார்த்தது எது என்று கேட்டார்களாம். இதைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்றவர்களைப்போல ப்ராஜெக்டுக்குச் சாக்லேட் டப்பா செய்யப்போகிறேன் என்றாய். சாக்லேட் டப்பா செய்வது பாவமில்லை, செய்கிறவர்கள் செய்யட்டும். ஆனால் மேடம் கேட்டது நியாயமான கேள்வி, கோபித்துக்கொள்ளாதே. அந்தக் கோழியை நீ எந்த ஊரில் பிடித்தாய் சொல்லு. அதன் கொண்டையும் வாலும் பார்த்தால் ஏதோ சீமைக் கிரீடம் வைத்தது மாதிரி இருக்கிறது, நம் காம்பவுண்டில் குப்பை கிளறுகிற ஒரு கோழிக்கும் அந்த லட்சணம் கிடையாது. நீ வரைவதற்குப் பார்க்க வேண்டிய ஆள் இன்டர்நெட்டில் இல்லை, நம் வீட்டிலேயே இருக்கிறார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கேசியா, உன் நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. எண் தெரியும், டேப் பிடித்தால் நூலளவு பிசகாது, பிரகாசம் மேஸ்திரி கட்டின சுவர் என்று திருப்பதியில் பேர் சொல்லிக் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடுவார், அதை நான் கல்யாணமான புதிதில் சொல்லிக் கொடுத்தேன். மற்றபடி எழுத்து என்று ஒன்றும் இல்லை. கோவிலில் நான் பாட்டுப் புத்தகத்தைத் திருப்பி அவர் கையில் கொடுப்பதைப் பார்த்து, இந்த வயசிலும் அம்மாவுக்கு என்ன பாசம் என்று கேலி செய்வாய். அவர் மனப்பாடமாகத்தான் பாடுவார், பக்கம் நான் எடுத்துக் கொடுப்பேன். நீ மெசேஜ் அனுப்பினால் அவர் குரலில்தான் பதில் அனுப்புவார், டைப் பண்ண நைனாவுக்குச் சோம்பல் என்பாயே, அது சோம்பல் இல்லை. பன்னிரண்டு வயசில் உன்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டோம், லீவில் வந்தால் பத்து நாள், அதற்குள் உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது கஷ்டமாக இல்லை. மிஷன் காம்பவுண்டில் பிறந்தவனுக்கு எழுத்து வராதா என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்று அவருக்குப் பயம், மகள் கேட்டுவிடுவாள் என்பது அதைவிடப் பெரிய பயம். இத்தனை வருஷம் நானும் அதற்கு உடந்தை. உன்னிடம் மறைத்ததற்கு என்னை மன்னித்துக்கொள்.

நவம்பரில் நைனா வேலை செய்கிற இடத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார், பசி மயக்கம் என்று சொன்னோம் அல்லவா. பசி இல்லை. அபிகாயில் சித்திக்கு முதல் கண் ஆபரேஷன் என்று நான் குப்பம் ஊருக்குப் போயிருந்தேன். எப்போதும் சர்க்கரை மாத்திரையை நான்தான் கையில் வைப்பேன், அன்றைக்கு எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டேன். பழக்க தோஷம், எழுதுகிற கை யாருக்கு எழுதுகிறோம் என்று யோசிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. காலையில் போட வேண்டியதை மத்தியானம் இன்னொரு தரம் போட்டுக்கொண்டார். ராமகுப்பத்திலிருந்து வந்து அவரோடு வேலை செய்கிற பாபு, சர்க்கரை அள்ளிப் போட்டு டீ கொடுத்துப் பிழைக்க வைத்தான். சாரத்தின்மேல் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்னும் நினைத்துப் பார்க்கத் தயாராக இல்லை.

புதன்கிழமை நீ அழுதுவிட்டுப் போனை வைத்தாயே, நைனா பக்கத்தில்தான் இருந்தார், எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம் நான் திரும்ப வாங்கி மேசையில் வைத்திருந்த கவர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நாங்க சுவத்துல படிக்காத ஆளுக்குத்தான் குறி போடறோம், இந்தக் கோடு வரைக்கும் கல்லு, இந்தக் கோட்டுக்கு மேல ஜன்னலு, பாபு தெலுங்கு ஆளு, வேற எவனோ ஒடியாக்காரன், ஒருத்தனும் தப்பா கட்டினதில்ல, ஏன்னா அவன் கையில இருக்கிறதத்தான் வரையறோம் என்றார். சுவரில் குறி போடுகிற பென்சிலை எடுத்து உன் கவர்களின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தார். காலைக்கு ஒரு ஆள் பல் தேய்க்கிறான். மத்தியானத்துக்கு மூடின அடுக்குக் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் நிழலுக்குப் போகிறான், மூடியிருப்பதால் உள்ளே கோழியா கீரையா என்று யாரும் பத்தியம் பார்க்க முடியாது. ராத்திரிக்கு ஒரு ஆள் பாய் விரிக்கிறான். எத்தனை மாத்திரையோ அத்தனை செங்கல், அரை மாத்திரை என்றால் அரைக்கல், அரைக்கல் எப்படியிருக்கும் என்று தெரியாத வீடு இந்தப் பக்கத்தில் இல்லையாம். சிரிக்காதே, அவர் போட்ட பல் தேய்க்கிற ஆள் குச்சியால் தன்னையே அடித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறான். ஆனால் செங்கல்லைப் பார், ஸ்கேல் இல்லாமல் போட்டது.

வியாழக்கிழமை சித்திக்கு இரண்டாவது கண் ஆபரேஷன். நான் போகமாட்டேன் என்றேன், போ என்றார். அவருடைய மாத்திரைகளை அவர் படம் போட்ட கவர்களில் அவர் முன்னாலேயே போட்டு, டாக்டரம்மாவிடம் காட்டி, பாபுவிடம் மட்டும் கண் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஒரு எழுத்துகூட எழுதவில்லை. மூன்று நாளும் வேளைக்கு வேளை போன் செய்ய என் கை அரித்தது, சித்தி என் போனைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிட்டாள், ஒற்றைக் கண்ணோடு இருந்தும் எங்கே வைத்தாள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நேற்று சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கவர்களைக் கொட்டி எண்ணினேன். சரியாக இருந்தது. மறுபடியும் எண்ணினேன். ஒன்றுகூடக் கூடவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. நைனா வாசற்படியில் நின்றுகொண்டு, இன்னாத்துக்கு ரெண்டு தரம் எண்ற, சுவரு கட்றவனுக்குக் கல்லு எண்ணத் தெரியாதா என்றார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஒரு ஆளுக்குப் புரிந்தது ஊருக்குப் புரியும் என்று நினைத்தால் மறுபடியும் கோழிக் கதைதான். இன்றைக்குக் கோவில் விட்டதும் ருக்மணியிடம் காட்டினேன், பாயையும் பல் தேய்க்கிறவனையும் உடனே சொல்லிவிட்டாள், கேரியர்க்காரனைப் பார்த்து இவன் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு எடுத்துக்கினு போறானா என்றாள். அதை நீதான் சரிசெய்ய வேண்டும். நைனா வரைந்ததை அப்படியே காப்பி அடிக்காதே, அதற்கா இத்தனை தூரம் படிக்க அனுப்பினோம். அவர் எப்படிப் பார்க்கிறார் என்று பார்த்துக்கொண்டு, உன் கையால் வரை. உன் சுவரில் இந்தக் கவர்களைக் குத்தி வை, சிரஞ்சீவியின் கவரில் ஆட்டோ கிரீஸ் இருக்கும், துடைக்காதே.

இந்தக் கடிதத்தை எழுத எழுத வரிக்கு வரி நைனாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை. பாட்டுப் புத்தகம் பற்றி எழுதின இடத்தில், அத்த மட்டும் எடுத்துடு என்றார். சரி என்று பேனாவை வைத்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, இல்ல, இருக்கட்டும் என்றார். அப்புறம் அவராகவே ஒன்று சொன்னார், அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். மார்ச் பதினாறுல அந்த மேடம் அல்லாரும் உக்காந்து கேசியா வேலையப் பாக்கச் சொல்லோ நான் வரேன். எனக்குப் படிக்க வராதுன்னு நானே அவங்க எதிர்ல சொல்றேன். அப்புறம் அவ புதுசா வரைஞ்ச கவர என் கையில குடுக்கட்டும், எந்த வேள எத்தினின்னு நான் சொல்றேன். தப்பாச் சொன்னா அவ மறுபடி வரையட்டும்.

ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம், பதிமூன்றாம் தேதி கிளம்புகிறார். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார், தனியாக வந்து காட்ட வேண்டுமாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் குஜராத்தி போர்டை எனக்கும் படிக்கத் தெரியாதே, அங்கே வந்தால் அவரும் நானும் ஒன்றுதான். ஆறு நாளைக்கான மாத்திரை அவர் கவர்களிலேயே வரும். அவரைப் பார்த்ததும் அழாதே, அழுதால் அவர் அடுத்த ரயிலில் திரும்பிவிடுவார். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி முழித்து வேலை செய்யாதே. கர்த்தர் உன் கையின் வேலையை ஆசீர்வதித்து, உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக.

நைனா இப்போது பக்கத்தில் நின்று இன்னும் ஒன்று எழுதச் சொல்கிறார். ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் வர வேண்டும், நீ எங்கே நிற்பாய் என்று எழுதி அனுப்பாதே, படமாக வரைந்து அவர் போனுக்கே அனுப்ப வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் அம்மா ஜெயசீலி பிரகாசம்